அத்தியாயம் 7: க்ளச் மூடியில் ஏழு பொட்டு

"செத்துப்போன இஞ்சினுக்குப் பக்கத்துல ஒரு நிமிஷமாவது மௌனமா நிக்கணும் லா. நீங்க ரேடியோ போட்டு வெச்சிருக்கீங்களே!"

மகேந்திரன் இப்படிச் சொன்னதும், கெலுவாங் வண்டி விற்கும் ஏஜெண்ட் தர்மராஜ் ரேடியோவை அணைத்தார். கூடவே முகத்தில் இருந்த விற்பனைச் சிரிப்பையும் அணைத்துவிட்டார்.

மம்பாவ் சாலையோரம் இருந்த அந்தப் பட்டறையின் நடுவில், வயிறு கிழிக்கப்பட்ட நிலையில் நின்றது கெலுவாங் மூன்று சக்கர மோட்டார். முன்பாதி மோட்டார் சைக்கிள், பின்பாதி இரும்புத் தொட்டி. செம்பனைக் காட்டுக்குள் லாரி நுழைய முடியாத சந்துகளில் புகுந்து, வெட்டிப்போட்ட பழக்குலைகளை அள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வரும் வண்டி அது. பதினொரு நாளைக்கு முன்னால், லிங்கிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஒன்பதாம் நம்பர் மேட்டில், முழுப் பாரத்தோடு ஏறிக்கொண்டிருந்தபோது க்ளச் வழுக்கியது. வண்டி பின்னோக்கி உருண்டது. பின்னால் குனிந்து உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த செல்லத்தின் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

வண்டியை ஓட்டியவள் பஞ்சாலை. செல்லத்தின் பக்கத்து வீட்டுக்காரி, இருபது வருஷத் தோழி.

"என் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்" என்று எழுதிய கடிதத்தைத் தோட்ட நிர்வாகம் பஞ்சாலை முன் வைத்திருந்தது. கையெழுத்துப் போட்டால் வண்டி ஓட்டும் வேலை போய்விடும், புல்வெட்டும் வேலை கிடைக்கும். போடாவிட்டால் வேலையும் போகும், போலீஸ் புகாரும் வரும். இன்று மாலை மூன்று மணிக்குக் கடைசி விசாரணை. இப்போது மணி பதினொன்று.

"பாருங்க மிஸ்." தர்மராஜ் ஒரு தட்டிலிருந்து கரிந்த வட்டத் தகடு ஒன்றை எடுத்துக் காட்டினார். "க்ளச் ப்ளேட். அப்பளம் மாதிரி கருகியிருக்கு. பாதி க்ளச்சைப் பிடிச்சுக்கிட்டே மேடு ஏறினா இப்படித்தான் ஆகும். ஓட்டத் தெரியாத கை."

"ஆனா, கம்பெனியே ஜூலை மாசம் ஒத்துக்கிச்சே," என்றாள் இந்துஜா. "பாரத்தோட மெதுவா மேடு ஏறினா இஞ்சின் சூடு தாங்காம ஸ்ப்ரிங் தளர்ந்துபோகுது, ப்ளேட் வழுக்குதுன்னு. எல்லா வண்டியையும் ரீகால் பண்ணி, இலவசமா மாத்தித் தரோம்னு அறிவிச்சாங்க."

"மாத்தியாச்சு மிஸ். அந்தத் தோட்டத்து ஆறு வண்டிக்கும் மாத்தியாச்சு. தீபாவளி நெருக்கடிக்கு முன்னாடியே முடிச்சுட்டோம். புது ப்ளேட், புது ஸ்ப்ரிங். அதையும் ரெண்டே மாசத்துல எரிச்சுட்டாங்கன்னா, குத்தம் வண்டி மேலயா, கை மேலயா?"

"அந்த ரெக்கார்டைப் பார்க்கலாமா?"

"மூணு மணிக்கு விசாரணையில பாருங்க."

பஞ்சாலைக்காக வந்திருந்த இந்துஜா, பதினொரு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து மதிப்பீட்டாளராக இருந்தவள். எரிந்த காரைப் பார்த்தே எரித்தவன் இடக்கைக்காரனா என்று சொல்லிவிடுவாள் என்று சிரம்பானில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவர் மகேந்திரன்தான். இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டி முட்டி தேய்ந்த பிறகு, அவளிடம் உதவியாளராகச் சேர்ந்தவர். "மூளை அவங்களோடது, வாய் என்னோடது" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

"க்ளச் மூடிக்கு எத்தனை போல்ட்?" என்று கேட்டாள் இந்துஜா.

"ஏழு."

"ரீகாலுக்கு ஒரு தடவை திறந்தீங்க. இப்ப ஒரு தடவை. ரெண்டு தடவையும் சுலபமா வந்துச்சா?"

"வெண்ணெய் மாதிரி," என்றார் தர்மராஜ்.

மகேந்திரன் தட்டைப் பார்த்தார். ஏழு போல்ட்டுகளும் துடைத்துவைத்த மாதிரி மின்னின. தலையில் ஆறுமூலைப் பள்ளம் உள்ள போல்ட்டுகள். அதற்குரிய சாவியை உள்ளே விட்டுத்தான் திருக வேண்டும். தட்டின் மூலையில், கோணிஊசி ஒன்றின் பக்கத்தில், செங்கல் பொடி மாதிரி ஏதோ உதிர்ந்து கிடந்தது. தர்மராஜ் ஃபோனை எடுக்கத் திரும்பிய நேரத்தில், அதில் ஒரு சிட்டிகை மகேந்திரன் சட்டைப் பையிலிருந்த மிட்டாய்க் காகிதத்துக்குள் குடியேறியது.

வேன் பாதி வழியைத் தாண்டும் வரை அவர் வாயைத் திறக்கவில்லை. அதுவே இந்துஜாவுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

"என்ன அண்ணே, மௌனம்? நீங்களும் செத்துட்டீங்களா?"

"மேடம், வெண்ணெய்ல குங்குமம் போடுவாங்களா?"

காகிதத்தைப் பிரித்துக் காட்டினார். சிவப்பும் மஞ்சளும் கலந்து கல்லாக இறுகிய துணுக்குகள். முகர்ந்து பார்த்தால் கருகிய சந்தன வாசனை.

"நீங்க ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறவங்க. உங்களுக்குத் தெரியாது. ஆயுத பூஜையன்னிக்கு எஸ்டேட்ல சோறு போடுற சாமானுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைப்போம். அரிவாள், கத்தி, மோட்டார், லாரி. என் சின்ன வயசுல எங்க அப்பா மண்வெட்டிக்கு வெச்சுட்டு, அதே கையோட எனக்கும் வெச்சுவிட்டாரு. ரெண்டும் ஒண்ணுதான், எதுவும் தன்னால வேலை செய்யாதுன்னு."

இந்துஜா சிரிக்கவில்லை. அவள் கண் கூர்மையாகிவிட்டது.

"வண்டியில எங்க வைப்பாங்க?"

"எங்க குழி இருக்கோ அங்க. விரலுக்கு வாகா இருக்கும்ல?"

"போல்ட் தலையில!" அவள் டாஷ்போர்டைத் தட்டினாள். "இஞ்சின் சூட்டுல அது காஞ்சு செங்கல்லாயிடும். அந்தப் பள்ளம் அடைஞ்சிருந்தா சாவி உள்ள போகாது. அதனாலதான் பக்கத்துல கோணிஊசி. நோண்டி எடுத்துட்டுத் திறந்திருக்காரு. வெண்ணெய் மாதிரி வரல அண்ணே, பல்லைப் பிடுங்குற மாதிரி வந்திருக்கு."

"அப்போ அந்த மூடியை ரீகாலுக்குத் திறக்கவே இல்ல?"

"இந்த வண்டியை வெச்சு இனிமே அதை நிரூபிக்க முடியாது. நோண்டி, துடைச்சு வெச்சுட்டாரு. ஆனா தோட்டத்துல இன்னும் அஞ்சு வண்டி இருக்கு. பூஜைக்கு வெச்ச பொட்டு அந்த அஞ்சுலயும் உடையாம இருந்தா, ரீகால் வேலை நடக்கவே இல்லைன்னு அர்த்தம்."

"நாமளே ஒண்ணைத் திறந்து பார்த்துட்டா?"

"பழைய ப்ளேட்டை நாமளே உள்ள வெச்சோம்னு சொல்வாங்க. திறக்கக் கூடாது. திறக்காம இருக்கிறதுதான் சாட்சி."

மகேந்திரன் முட்டி வலியை மறந்து ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

அவர்கள் தோட்டத்துக்குள் நுழைந்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. தகரக் கொட்டகைக்குக் கீழே ஐந்து கெலுவாங் வண்டிகளும் வரிசையாக நின்றன. எதிரே ஒருவன் தண்ணீர்க் குழாயின் முனையைப் பிடித்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தான். முனையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை. ஏனென்றால் குழாயின் நடுவில், ரப்பர் பூட்ஸ் போட்ட இரண்டு கால்களையும் அழுத்தி ஊன்றிக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள்.

பஞ்சாலை. நாற்பத்தெட்டு வயசு. தலையில் துண்டு, கைமுட்டி வரை உறை, கழுத்து மடிப்பில் பழத்தூசு. எதிரில் மேனேஜர் கணேசமூர்த்தி வியர்த்துக்கொண்டிருந்தார்.

"நகரு பஞ்சாலை. மூணு மணிக்கு ஆளுங்க வராங்க. வண்டியெல்லாம் சுத்தமா இருக்க வேணாமா?"

"ரெண்டு வருஷமா சேத்துல புரண்ட வண்டிக்கு இன்னைக்கு என்ன சார் கல்யாணமா?"

"மம்பாவ்லேர்ந்து ஃபோன் பண்ணிச் சொன்னாங்க. இஞ்சினை டீசல் போட்டுக் கழுவி வைக்கணுமாம்."

"எங்க வண்டியைக் கழுவ மம்பாவ்காரருக்கு என்ன அவசரம்?"

அவளுக்குப் பின்னால் மற்ற ஐந்து ஓட்டுநர்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் நகரவில்லை.  இருபத்திரண்டு வருஷ லாரி வாழ்க்கையில் எத்தனையோ காகிதத்தில் "சரி சார், சரி சார்" என்று கையெழுத்துப் போட்டவர் மகேந்திரன். இந்தப் பெண் குழாயை மிதித்த மாதிரி ஒரு தடவையாவது தான் எதையாவது மிதித்திருக்கலாமே என்று தோன்றியது.

"மேனேஜர் சார்," என்று இந்துஜா முன்னால் வந்தாள். "நான் பஞ்சாலை தரப்புல வந்திருக்கேன். ஒரே ஒரு வேண்டுகோள். விசாரணையை ஆபீசுல வைக்காம, இங்கேயே, இந்த வண்டிங்க பக்கத்துலயே வைங்க. அதுவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணிகூட மேல படக் கூடாது. கழுவிட்டா, எதை மறைக்கக் கழுவினீங்கன்னு கேட்பாங்க. அந்தக் கேள்வி மம்பாவுக்குப் போகாது, உங்ககிட்டதான் வரும்."

கணேசமூர்த்தி குழாய்க்காரனைப் பார்த்தார். பிறகு பஞ்சாலையின் பூட்ஸைப் பார்த்தார்.

"தண்ணியை அடை," என்றார்.

இந்துஜா ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து பார்த்தாள். க்ளச் மூடியைச் சுற்றி ஏழு போல்ட்டுகள். ஏழு தலையிலும் எண்ணெயும் தூசும் படிந்து, சூட்டில் வெந்து, மேட்டுத் தழும்பு மாதிரி இறுகிய பொட்டு. ஐந்து வண்டியிலும் அப்படியே. ஒன்றுகூட உடையவில்லை.

"முப்பத்தஞ்சு சாட்சி அண்ணே," என்று அவள் மெல்லச் சொன்னாள். "ஒருத்தரும் பிறழ் சாட்சி ஆக மாட்டாங்க."

மகேந்திரன் பஞ்சாலைக்கு ஒரு பாக்கெட் தே ஓ, பாலில்லாத டீ, வாங்கி நீட்டினார். "குடிங்க. உங்க காலுக்குக் கீழ இருந்த தண்ணியைவிட இது நல்லா இருக்கும்."

"சிரிக்க வைக்காதீங்க அண்ணே. நேத்து செல்லத்தைப் பார்க்கப் போனேன். போர்ட்டிக்சன் ஆஸ்பத்திரி வாசல்ல அவ தம்பி நிறுத்திட்டான். 'கால ஒடிச்சவளுக்கு உள்ள என்ன வேலை'ன்னான்." அவள் உறிஞ்சியை எடுத்தாள், திரும்பப் போட்டாள். "வேலை போனா வேற வேலை பார்ப்பேன். ஆனா அந்தக் கடுதாசியில என் பேரை எழுதிட்டா, செல்லம் வீட்டு வாசல்ல நான் எப்படி நிக்கறது?"



மூன்று மணிக்குத் தர்மராஜ் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து இறங்கினார். கணேசமூர்த்தி நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மடியில் அந்தக் கடிதம். பக்கத்தில் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி மணியம், யாருடைய கண்ணையும் பார்க்காமல்.

"ஒரே ஒரு சோதனைதான்," என்றாள் இந்துஜா. "தர்மராஜ் சார், உங்க சாவி இருக்கா? மூணாவது வண்டியோட க்ளச் மூடியைத் திறங்க. வெண்ணெய் மாதிரி வரும்னு சொன்னீங்களே."

தர்மராஜ் ஆறுமூலைச் சாவியை எடுத்தார். முதல் போல்ட்டில் வைத்தார். உள்ளே போகவில்லை. அடுத்ததில் வைத்தார். வழுக்கியது. மூன்றாவதில் சாவி நுனி சுரண்டி, செங்கல் சத்தம் வந்தது.

"கதவு தப்பா லா," என்றார் மகேந்திரன். "பக்கத்து வீட்டுக்குத் திருடப் போனவன் மாதிரி நிக்கிறீங்களே!"

ஓட்டுநர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். இந்துஜா மேனேஜரைப் பார்த்தாள். "சார், ஆயுத பூஜைக்கு வெச்ச பொட்டு இது. தீபாவளிக்கு முன்னாடி இந்த மூடியைத் திறந்திருந்தா, இது இப்படி ஒட்டியிருக்காது. ரீகால் வேலை காகிதத்துல மட்டும்தான் நடந்திருக்கு. பஞ்சாலை ஓட்டினது பழைய க்ளச். கம்பெனியே கெட்டதுன்னு சொன்ன க்ளச்."

தர்மராஜ் நிமிர்ந்தார். வியர்வையைத் துடைத்தார். பிறகு, மகேந்திரனுக்குப் பிடிக்கவே பிடிக்காத ஒரு சிரிப்பு அவர் முகத்தில் விரிந்தது.

"பூஜை எந்த மாசம் மிஸ்?"

"அக்டோபர்."

அவர் கோப்பைத் திறந்து, ஒரு தாளை மேனேஜர் கையில் கொடுத்தார். "வேலை நடந்தது செப்டம்பர் பதினாறு. மலேசியா தினம். தோட்டம் லீவு, வண்டியெல்லாம் சும்மா நின்னுச்சு. எங்க மெக்கானிக் வந்து ஆறையும் முடிச்சுட்டுப் போனாரு. மணியம் கிராணி பெற்றுக்கொண்டதாக் கையெழுத்துப் போட்டிருக்காரு. அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் பூஜை. வண்டியைக் கழுவி, புதுசாப் பொட்டு வெச்சிருக்காங்க. அதுதான் இப்ப அடைச்சிருக்கு. இதுல என்ன அதிசயம்?"

கொட்டகையில் சிரிப்பு நின்றது.

இந்துஜாவின் முகம் வெளுத்தது. தாளைப் பார்க்காமல் வாய் வார்த்தையை நம்பியிருந்தாள். 'தீபாவளிக்கு முன்னாடி' என்றதும் அக்டோபர் என்று தானாகவே எடுத்துக்கொண்டாள். பதினொரு வருஷத்தில் அவள் செய்த முதல் சறுக்கல், வேறொருத்தியின் தலையில் விழப் போகிறது.

"மணியம்?" என்றார் மேனேஜர்.

"கையெழுத்து என்னோடதுதான் சார். லீவு நாளு... தாளை அனுப்பி வெச்சாங்க, போட்டேன். வண்டியை யாரு போய்ப் பார்த்தா?"

"பார்க்கலைங்கிறதால நடக்கலைன்னு ஆயிடுமா?" என்றார் தர்மராஜ்.

ஆகாதுதான். இந்துஜா மகேந்திரனைப் பார்த்தாள். அவர் தலை கவிழ்ந்தது. "எங்க எஸ்டேட்லயும் அப்படித்தான் மேடம்," என்று முணுமுணுத்தார். "பழசைத் துடைச்சு, கழுவிட்டுத்தான் புதுசு வைப்போம்."

கணேசமூர்த்தி பெருமூச்சு விட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர், களைத்த மனிதர். கடிதத்தையும் பேனாவையும் நீட்டினார். "பஞ்சாலை. போதும். கையெழுத்துப் போடு. புல்வெட்டுற வேலைக்கு நான் பொறுப்பு."

பஞ்சாலை பேனாவைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"கழுவிட்டு வெச்சோம்னு யாரு சொன்னா?"

"என்ன?"

"அவங்க எஸ்டேட்ல கழுவலாம். பட்டணத்துல கழுவலாம். இது நம்ம முனியாண்டி கோயில் வழக்கம் சார். வண்டியைக் கழுவலாம், பொட்டைக் கழுவக் கூடாது. வண்டி இறங்கின நாளு வெச்ச பொட்டு, வண்டி சாகுற வரைக்கும் அடியில இருக்கணும். வருஷா வருஷம் அதுக்கு மேலேயே வைப்போம். பழைய டிராக்டர்ல ஒருத்தன் துடைச்சுட்டு, அந்த வாரமே ஆத்துல விட்டான். அதுலேர்ந்து எவனும் துடைக்க மாட்டான்."

இந்துஜா மெதுவாகத் தலையை நிமிர்த்தினாள். அவள் கண்ணில் வெளிச்சம் திரும்பி வருவதை மகேந்திரன் பார்த்தார்.

"அப்படின்னா இந்தப் பொட்டுக்கு அடியில..."

"போன வருஷத்துப் பொட்டு இருக்கும் மிஸ். அதுக்கும் அடியில முதல் நாள் பொட்டு." பஞ்சாலை மேனேஜரை நேராகப் பார்த்தாள். "வண்டி வந்து இறங்கின நாளு, கோயில்ல குங்குமம் தீர்ந்துபோச்சு. யாரோட காருலேர்ந்து திருநீறு எடுத்துத் தண்ணியில குழைச்சு வெச்சோம் சார்?"

கணேசமூர்த்தியின் கை, அவரை அறியாமல், சட்டைப் பைக்குப் போனது. கார்ச் சாவி இருந்த பை.

"என்னோட காரு," என்றார்.

"ஆறு வண்டிக்கும் உங்க கையாலதான் வெச்சீங்க. நாப்பத்திரெண்டு போல்ட். கடைசியில விரல் வலிக்குதுன்னு உதறினீங்க. அது இன்னும் அடியில இருந்தா, செப்டம்பர்ல எவனும் திறக்கல. இல்லேன்னா, நான் இப்பவே கையெழுத்துப் போடறேன். எந்த வண்டி, எந்த போல்ட்டுன்னு நீங்களே சொல்லுங்க."

தர்மராஜ் வாயைத் திறந்தார். "இதெல்லாம் ஒரு சாட்சியா..."

"அஞ்சாவது வண்டி," என்றார் கணேசமூர்த்தி. "கீழே, இடது பக்கம்."

பஞ்சாலை கையுறையைக் கழற்றினாள். கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவினாள். வண்டியின் முன் மண்டியிட்டு, "மன்னிச்சுக்கோ அப்பா" என்று முனியாண்டியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பொட்டின் ஓரத்தில் ஊசி நுனியை விட்டாள். கொட்டகையில் தகரம் விரியும் சத்தம்கூடக் கேட்டது.

முதலில் சிவப்பு உதிர்ந்தது. அடுத்து மஞ்சள். கீழே கறுத்துப்போன எண்ணெய்ப் படலம். அதைச் சுரண்டினால் மறுபடியும் சிவப்பு, மறுபடியும் மஞ்சள்.

"கூவே லாப்பீஸ்!" என்றார் மகேந்திரன் மூச்சுக்குள்ளேயே. "அடுக்குக் கேக் மாதிரியே வருது."

ஊசி இன்னும் ஆழமாகப் போனது. பள்ளத்தின் அடி மூலையிலிருந்து, நகத்தளவு ஒரு துணுக்கு பெயர்ந்து பஞ்சாலையின் உள்ளங்கையில் விழுந்தது. சாம்பல் வெள்ளை. பள்ளத்தின் ஆறு மூலையும் அதன் மேல் அச்சு எடுத்த மாதிரி பதிந்திருந்தன.

அவள் எழுந்து, அதை மேனேஜரின் கையில் வைத்தாள்.

"உங்க விரல் சார்."

கணேசமூர்த்தி அதை முகர்ந்து பார்க்கவில்லை, தேய்த்துப் பார்க்கவில்லை.  பிறகு மடியிலிருந்த கடிதத்தை நான்காக மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ரெண்டு வருஷமா இந்த மூடியை எவனும் திறக்கல," என்றார் தர்மராஜைப் பார்த்து. குரல் மாறியிருந்தது. "என் முன்னாடியே பஞ்சாலை கால் ஒடிஞ்சவளைத் தூக்கிக்கிட்டு ஓடினா. நான் அவகிட்ட பேனாவை நீட்டிக்கிட்டு இருந்தேன்."

"சார், மெக்கானிக் பொய் சொல்லியிருப்பான். நான் ஆபீசுல இருக்கிறவன், எனக்கு என்ன தெரியும்?"

"பட்டறையில கோணிஊசியால நோண்டினதும் மெக்கானிக்தானா?" மகேந்திரன் மிட்டாய்க் காகிதத்தை எடுத்து நீட்டினார். "இன்னைக்கு ஃபோன் பண்ணிக் கழுவச் சொன்னதும் அவன்தானா? பாவம், ஒரு ஆளு எத்தனை வேலைதான் பார்ப்பான்!"

"அதேதான் நானும் யோசிக்கிறேன்," என்றாள் இந்துஜா. மேனேஜரிடமிருந்து வாங்கிய தாளை இப்போதுதான் அவள் முழுதாகப் படித்துக்கொண்டிருந்தாள். இந்த முறை எதையும் தானாக எடுத்துக்கொள்ளவில்லை. வரி வரியாக விரலை நகர்த்தினாள். "இந்தத் தாள் ஆறு வண்டிக்கு மட்டும் இல்ல. பின்பக்கமும் இருக்கு. பதினொரு தோட்டம். நாப்பத்துமூணு வண்டி. எல்லாத்துக்கும் ஒரே தேதி, ஒரே மெக்கானிக்." அவள் தர்மராஜை நிமிர்ந்து பார்த்தாள். "ஒரு மூடியைத் திறந்து மாத்தி மூட எவ்வளவு நேரம் ஆகும்?"

தர்மராஜ் கோப்பை மூடினார்.

"ரெண்டு மணி நேரம்," என்றார் மகேந்திரன். "ரெண்டு கையும் இருந்தா. உங்க ஆளுக்கு முனியாண்டிக்குப் போட்டியா எத்தனை கை லா?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே நினைப்பு வந்திருந்தது. முப்பத்தேழு வண்டி வேறு தோட்டங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. மணி மூன்றே முக்கால். மில்லுக்கு லாரி கிளம்பும் முன், கடைசிப் பாரம் மேடு ஏறும் நேரம்.

பஞ்சாலை ஏற்கெனவே ஃபோனைக் கையில் எடுத்துவிட்டாள். மூன்று சக்கரம் ஓட்டுகிறவர்கள் எல்லாம் சேர்ந்து வைத்திருந்த வாட்ஸ்அப் குழு; எங்கே ரோடு சேறு, எங்கே நாய்த் தொல்லை என்று சொல்லிக்கொள்வதற்கு. அவள் பொத்தானை அழுத்திக்கொண்டு, வாயருகே வைத்துப் பேசினாள்.

"நான் பஞ்சாலை பேசறேன். கெலுவாங் வண்டி ஓட்டுற எல்லாரும் கேளுங்க. உங்க வண்டியில க்ளச் மாத்தல. மாத்தினதாப் பொய்த் தாள் இருக்கு. மேட்டுல இருந்தா, பின்னாடி ஆளு இல்லாம பார்த்து நிறுத்துங்க. சக்கரத்துக்குக் கல்லு வைங்க. யாரு சொன்னாலும் எடுக்காதீங்க. செல்லத்துக்கு ஆனது போதும்."

"பஞ்சாலை!" கிராணி மணியம் பதறினார். "பதினொரு தோட்டத்து வேலையை நிறுத்தறதுக்கு உனக்கு யாரு அதிகாரம் கொடுத்தா? பழமெல்லாம் அழுகிப்போகும்!"

"செல்லத்தோட காலு கொடுத்துச்சு," என்றாள் அவள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மணியம் மேனேஜரைப் பார்த்தார். கணேசமூர்த்தி எழுந்து போய், வரிசையாக நின்ற ஐந்து வண்டிகளின் சாவியையும் ஒவ்வொன்றாக உருவினார். ஐந்தையும் பஞ்சாலையின் கையில் வைத்தார். "மூடியைத் திறக்கிற நாளு நீ பக்கத்துல இருக்கணும். அதுவரைக்கும் இது உன்கிட்டயே இருக்கட்டும்."

ஃபோன் ஒருமுறை சத்தமிட்டது. எல்லோரும் குனிந்தார்கள்.

சி ரூசா பக்கத்திலிருந்து ஓர் ஆண் குரல்: "நிறுத்திட்டேன் கா."

மறுபடியும். "நாங்க மூணு பேரும் நிறுத்திட்டோம்."

பிறகு வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக, நிற்காமல். மகேந்திரன் விரலை மடக்கி எண்ணத் தொடங்கி, இருபதைத் தாண்டியதும் விட்டுவிட்டார். கண்ணை ஏன் துடைக்கிறார் என்று இந்துஜா கேட்கவில்லை. கேட்டிருந்தால் பழத்தூசு என்று சொல்லியிருப்பார்.

கடைசியில் ஒரு பெண் குரல் வந்தது. தனலெட்சுமி என்று பெயர் காட்டியது. மூச்சு வாங்கியது. பின்னணியில் வேலைக் கங்காணி மலாயிலும் தமிழிலும் மாறி மாறித் திட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, மேட்டுல பாதியில நிக்கிறேன். முழுப் பாரம். ரெண்டு கல்லு வெச்சுட்டேன். மண்டோர் கத்துறாரு."  பிறகு சிரிப்பு. "கத்தட்டும்கா. சாவி என் சட்டைக்குள்ள இருக்கு."